எழுபத்தாறு சென்டிமீட்டர்

இந்த வாரம் முழுக்க
டண்டீ நகரத்தின் கதவுகளை அளந்தேன்.
எங்கள் கட்டடத்து முன்கதவு எழுபத்தெட்டு.
மருத்துவ நிலையம் தொண்ணூறு. நூலகம் தாராளம்.
செங்காவின் ரொட்டிக்கடை
அறுபத்தொன்பது, அதுவும் தாழ்ப்பாளை ஒதுக்கினால்.
நாடாவின் மறுமுனை ஸ்ட்ரூவன் கையில்.
இரண்டே கால் வயது,
பிடித்ததை விடச்சொன்னால் விடமாட்டான்.
"கதவுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றாள் செங்கா,
முழங்கை வரை மாவு.
என் நெஞ்சில் கட்டிய துணிக்குள்
பதினெட்டு நாள் எஃபி
எந்த அளவுக்கும் அகப்படாமல் தூங்கினாள்.

கிரெகோருக்கு விடுப்பு முடிந்துவிட்டது.
கடல் நடுவே எண்ணெய் மேடையிலிருந்து
இரவில் அழைப்பான்,
காற்று பாதி, அவன் பாதி:
"பக்கம் பக்கமா? முன்னும் பின்னுமா?"
அங்கிருந்து கேட்க எல்லாம் சுலபம்.

முன்னும் பின்னும் என்றால்
பின்னால் இருப்பவளுக்கு உலகம் என்பது
அண்ணனின் பிடரி.
மேலும் கீழும் என்றால்
அவள் கீழ்த்தட்டில்,
உருளைக்கிழங்குக்கு அண்டை வீட்டுக்காரி.
பக்கம் பக்கம் என்றால்
எழுபத்தாறு.
ஊரில் பாதிக் கதவு எங்களுக்கு இல்லை.

ஊருக்கு வெளியே பெரிய கடை.
விற்பனைப் பையன் ஒரு பொம்மையைக் கட்டி வைத்து
தள்ளிக் காட்டினான்.
பொம்மை அழவில்லை, வளைந்து விறைக்கவில்லை,
ஒரு செருப்பையும் உதைத்து எறியவில்லை.
"ஒரே கையால் மடிக்கலாம்" என்றான்,
இரண்டு கையாலும் மடித்தான்,
கட்டைவிரல் மாட்டிக்கொண்டது.
நான் விலைச்சீட்டைத் திருப்பினேன்.
ஒரு மாத வாடகை. அதற்கு மேலும் கொஞ்சம்.
மழையுறை தனி.

ஸ்ட்ரூவன் அதற்குள்
சேற்றுக் காலணியோடு
தங்கையின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து
"இது எனக்கு" என்றான்.
பக்கத்து இருக்கையைக் காட்டி
"இதுவும்."

கடைசியில் பிராட்டி ஃபெரியில்
ஊனா என்கிற பெண்ணின் கார்கொட்டகையில்
பழையது ஒன்று கிடைத்தது.
அவளுடைய இரட்டையர் இப்போது
பள்ளியில் ஒருவரை ஒருவர் கடிக்கிறார்களாம்.
இரண்டு இருக்கையும் ஒரே பச்சை இல்லை.
வலது பக்கம் வெளுத்துப்போயிருந்தது.
"காலையில் ஆற்றோரமாகக் கிழக்கே போவேன்,
வெயில் எப்போதும் அந்தப் பக்கம்தான்.
திரும்பும்போது வண்டி காலி."
சொல்லிவிட்டு
பிஸ்கட் துகள்களைத் தட்டினாள்.
ஐந்து வருடத் துகள்.
வாங்கிய பணத்தை எண்ணவில்லை.

பேருந்தில் ஏற்ற முடியாமல் நடந்தே வந்தேன்,
ஆறு இடப்பக்கம்,
தூறல் இரண்டு பக்கமும்.
வெயில் பக்கம் யாருக்கு,
நிழல் பக்கம் யாருக்கு என்று
வழியெல்லாம் யோசித்தேன்.
வெயிலே இல்லாத நாளில் யோசித்ததுதான் கூத்து.

எங்கள் கதவில் நுழைந்தது,
இரண்டு பக்கமும் ஒரு விரல் மிச்சம் வைத்து.
மூன்று மாடி ஏறாது.
மாடிப்படிக்கு அடியில்
மெக்காஸ்கில் தன் சைக்கிளை நகர்த்தி வைத்திருந்தார்.
அவரிடம் நான் கேட்கவே இல்லை,
ஆறு வருடத்தில் நாங்கள் பேசியது
குப்பைத்தொட்டி பற்றி மட்டும்.

மறுநாள் செங்கா வாசலுக்கே வந்தாள்:
"உன் தேர் வராது. ரொட்டி வரும்."
ரொட்டியை ஸ்ட்ரூவன் மடியில் வைத்தாள்.
அவன் அதைப் பிய்த்து
நியாயமாக
தங்கைக்கும் ஒரு துண்டு நீட்டினான்.
நான் தடுத்ததும்,
அதே கையால்
அவளது சாக்ஸை உருவித்
தெருவில் எறிந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகே பார்த்தேன்.
ஒரு கால் வெறுங்கால்,
அவரைவிதை அளவு விரல்கள்.
மீண்டும் கதவு, மீண்டும் மேடு, மீண்டும் மழை.
தபால் நிலையத்து இரும்புக் கம்பியில்
யாரோ அதை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்,
கண் மட்டத்தில்,
தேடி வருவாள் ஒருத்தி என்று தெரிந்தவர்கள்.